விபத்துக்கு ஐந்து கோப்புகள், சேர்த்துப் படிப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் சாலை விபத்துச் செய்தி இல்லாத நாள் அபூர்வம். பெரும்பாலும் அரைப் பத்திதான், "கட்டுப்பாட்டை இழந்த கார் சென்டர் மீடியனில் மோதியது, அதிவேகமே காரணம் எனப் போலீஸார் தெரிவித்தனர்" என்று முடிந்துவிடும். நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்கள், எங்கள் பேச்சில் எம்.சி.ஓ.பி., நடத்துகிற வழக்கறிஞர். அந்த 'அதிவேகம்' எப்படிச் செய்திக்குள் வருகிறது, அதனால் எதெல்லாம் ஆராயப்படாமல் போகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், முழுவதும் வெளியிட்டால் நன்றி.

எஃப்.ஐ.ஆர். என்பது தப்பு செய்தவரைத் தேடுகிற ஆவணம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304-ஏ பிரிவுகள், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 106. எண்தான் மாறியது, கேள்வி மாறவில்லை: யார் அஜாக்கிரதையாக ஓட்டினார்? வளைவில் எச்சரிக்கைப் பலகை இருந்ததா, விளக்கு எரிந்ததா, அந்த மீடியன் இடைவெளியை யார் திறந்துவிட்டது என்றெல்லாம் இந்தப் பிரிவுகள் கேட்பதில்லை. இழப்பீட்டு மனுவும் இதே வழியில்தான் போகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில் முழு இழப்பீடு வாங்க எதிர் வண்டி டிரைவரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். அதனால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காக நாங்களும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்றுதான் எழுதுகிறோம், எழுதாவிட்டால் மனு நிற்காது. வேறு வண்டி எதுவும் மோதாமல், சாலைப் பள்ளத்தில் விழுந்து இறந்துபோன பைக்காரரின் மனைவி வந்தால் அந்த வழியும் இல்லை. பாலிசியில் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, அந்த 15 லட்சம், சேர்த்துக் கட்டியிருந்தார்களா என்று தேடுவதோடு சரி.

இப்படி ஒரு வழக்கின் தேவைக்காக எழுதப்பட்ட வரிகள்தான் அப்புறம் தில்லியில் கூட்டப்பட்டு நாட்டின் புள்ளிவிவரம் ஆகின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. நம் மாநிலத்தில் மட்டும் இறந்தவர்கள் 17,884 பேர். அந்த அறிக்கையில் நாடு முழுவதும் நடந்த விபத்துகளில் சுமார் 72 சதவீதத்துக்கு அதிவேகம் காரணம் என்று இருக்கிறது. இது சாலையில் கருவி வைத்து அளந்த வேகம் இல்லை, விசாரணைப் படிவத்தில் நிரப்பிய கட்டம். வேகம் கொல்லாது என்று நான் சொல்லவில்லை. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நாலு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதை நான் முழுசாக நம்புகிறேன். ஆனால் நாலு வழிச் சாலையை ஊருக்கு நடுவே போட்டு, பள்ளிக்கூடம் ஒரு பக்கமும் பஸ் நிறுத்தம் மறுபக்கமும் இருக்கும்படி விட்டு, அங்கே 100 கிலோமீட்டரில் வர வசதியும் செய்துகொடுத்தது யார் என்ற கேள்வி அந்த ஒரு கட்டத்துக்குள் புதைந்துவிடுகிறது.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதே உறுதியாகவில்லை. 2016-ம் ஆண்டுக்கு இந்திய அரசு சொன்ன எண்ணிக்கை 1,50,785. அதே ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 2,99,091, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எது சரி என்று தெரிய வேண்டுமானால் காவல் நிலையப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும், வேறு வழி இல்லை.

பிரச்சினை அங்கேதான். ஒரே விபத்துக்குக் குறைந்தது ஐந்து இடத்தில் கோப்பு இருக்கிறது. காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர்., இடத்தை வரைந்த ரஃப் ஸ்கெட்ச், நேரில் பார்த்ததை எழுதிய பார்வை மகஜர். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைச் சோதித்த எம்.வி.ஐ., அதாவது மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி, சிகிச்சை விவரம் உள்ள கேஸ் ஷீட், இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை. இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் வயது, வருமானம், எத்தனை பேர் அவரை நம்பி இருந்தார்கள், எத்தனை சதவீதம் ஊனம் என்கிற விவரம். நெடுஞ்சாலைத் துறையில் சாலையின் வரைபடமும் பராமரிப்புக் கணக்கும். இதில் முதல் நாலும் ஒன்றாகச் சேர்கிற இடம் எங்களைப் போன்ற வக்கீல்களின் மேஜை மட்டும்தான், வழக்கு முடிந்ததும் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும். ஐந்தாவதான சாலை வரைபடம் வருவதே இல்லை. ஒரே மீடியன் இடைவெளியில் வெவ்வேறு வருஷங்களில் ஆளை இழந்த குடும்பங்கள் ஒன்றையொன்று அறியாமலே என்னிடம் வந்திருக்கின்றன, ஒவ்வொரு மனுவிலும் வெவ்வேறு டிரைவர்தான் எதிர்மனுதாரர்.

பல துறை ஆராய்ச்சி நீதிமன்றத்துக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் நம்மிடமே இருக்கிறது. இல்லத்தரசி இறந்தால் அவருக்கு வருமானம் இல்லையே, எப்படிக் கணக்கிடுவது என்று எதிர்த்தரப்பு கேட்பது வழக்கம். 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக்கொண்டபோது, நீதிபதி என்.வி.ரமணா 2019-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை மேற்கோள் காட்டினார். பெண்கள் வீட்டு வேலைக்குச் சம்பளமில்லாமல் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். சமைப்பது, பிள்ளைகளைப் பார்ப்பது, பெரியவர்களுக்கு மருந்து கொடுப்பது எல்லாம் குடும்பத்தின் பொருளாதாரத்துக்கு உண்மையான பங்களிப்பு, அதற்கு வருமானம் நிர்ணயிப்பது தர்மம் இல்லை, உரிமை என்கிற வாதம் அந்த எண்களால் பலம் பெற்றது. வீடு வீடாகப் போய் நேரத்தைக் கேட்டு எழுதிய புள்ளியியல் ஊழியரின் உழைப்பு இன்று ஒரு கிராமத்துப் பெண்ணின் பிள்ளைகளுக்குக் காசாகக் கிடைக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஆனால் இதே தீர்ப்பாயத்தில் தினமும் பயன்படுத்துகிற மல்டிப்ளையரை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் சரளா வர்மா வழக்கில் வந்த பட்டியல்: இறந்தவர் 25 வயதுக்காரர் என்றால் வருட இழப்பை 18-ஆல் பெருக்க வேண்டும், 40 என்றால் 15, 60 என்றால் 9. ஒரே மாதிரி வழக்குக்கு ஒரே மாதிரித் தீர்ப்பு வர வேண்டும் என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும் அந்த எண்ணுக்குள் வட்டி விகிதம், ஆயுட்காலம், ஒருவர் எத்தனை வயது வரை உழைப்பார் என்கிற அனுமானம் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. அதற்கப்புறம் இவை மாறியிருக்கின்றன. பொருளாதாரம் படித்தவரும் புள்ளியியல் தெரிந்தவரும் ஒரு சட்ட ஆசிரியரோடு உட்கார்ந்து இந்தப் பட்டியலைத் திரும்பக் கணக்குப் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உச்ச நீதிமன்றத்துக்கு அப்படி ஓர் ஆய்வைக் காட்டி வாதாடினால் எத்தனை குடும்பத்துக்கு நியாயம் கிடைக்கும்.

இதெல்லாம் நடக்காத கனவு இல்லை. அமெரிக்காவில் 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது புதிய சாலைப் பாதுகாப்பு அமைப்புக்குத் தலைவராகப் போட்டது வில்லியம் ஹேடன் என்ற மருத்துவரை. விபத்துக்கு முன், விபத்தின்போது, விபத்துக்குப் பின் என்று மூன்று கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மனிதர், வண்டி, சுற்றுப்புறம் மூன்றையும் பார்க்கச் சொன்னவர் அவர். அங்கே 1975 முதல் சாவு நிகழ்ந்த ஒவ்வொரு சாலை விபத்தின் விவரமும் ஒரே இடத்தில் திரட்டப்பட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம் என்று வைத்திருக்கிறார்கள். அதே 1975-ல்தான் சிகாகோ பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன், சீட் பெல்ட் முதலிய பாதுகாப்பு வந்தால் டிரைவர்கள் துணிச்சலாக ஓட்டுவார்கள், அதனால் பலன் அடிபட்டுப்போகும் என்று எழுதினார். பல வருஷம் சண்டை நடந்தது. 2003-ல் அல்மா கோஹனும் லிரான் ஐனாவும் மாநிலங்களின் தரவுகளை வைத்து, கட்டாயப் பெல்ட் சட்டம் உயிரைக் காக்கிறது, அப்படி ஓட்டும் விதம் மோசமாவதற்குக் குறிப்பிடத்தக்க ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். இங்கே ஹெல்மெட் பற்றி ஒவ்வொரு தடவை வாதம் வரும்போதும் ஆளுக்கொரு அபிப்பிராயம் பேசுகிறோம், எடுத்துப் பார்க்கத் தரவு திறந்து கிடப்பதில்லை.

பிளாக் ஸ்பாட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று வருஷத்தில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து, அல்லது பத்து சாவு நடந்திருந்தால் தேசிய நெடுஞ்சாலையில் அதைப் பிளாக் ஸ்பாட் என்று குறிக்கிறார்கள். பெயின்ட் அடித்து, ஒளிரும் பலகை வைத்து, அடுத்த வருஷம் விபத்து குறைந்தால் வெற்றி என்று அறிவிப்பு வரும். கனடாவின் எஸ்ரா ஹாவர் என்ற பொறியியல் பேராசிரியர் இதில் உள்ள பிழையைப் பல காலமாக எடுத்துச் சொன்னவர். மோசமான வருஷங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்தில், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த வருஷம் எண்ணிக்கை சராசரியை நோக்கி இறங்கத்தான் செய்யும். அதைக் கழித்துப் பார்த்தால்தான் பெயின்ட் வேலை செய்ததா, சர்வீஸ் ரோடு போட்டிருக்க வேண்டுமா என்று தெரியும். இதைப் பொறியாளர் தனியாகச் செய்ய முடியாது, புள்ளியியல்காரர் கூட இருக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் இதற்கு ஆள் இல்லையா? கிண்டி பொறியியல் கல்லூரி, ஐ.ஐ.டி. மெட்ராஸ், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கோட்டூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் எல்லாம் ஒரே நகரத்தில் பஸ் தூரத்தில் இருக்கின்றன. போலீஸ் இன்று விபத்து விவரம் ஏற்றுகிற 'ஐராட்' செயலி ஐ.ஐ.டி. மெட்ராஸும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து செய்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்பதால் மருத்துவமனைப் பக்கமும் பதிவு சேர்கிறது. கோவை எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் ராஜசேகரன், அறுவை அரங்கில் பார்த்தது பொறுக்காமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போட்ட பொதுநல வழக்கில்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது. ஒரு டாக்டர் சட்டத்தின் கதவைத் தட்டியதால் நாடே அசைந்தது.

அதனால் அரசிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு வருஷமும் பெயர், முகவரி, வண்டி எண் நீக்கி, ஒரே விபத்தின் காவல், மருத்துவமனை, வாகனச் சோதனை, தீர்ப்பாய விவரங்களை ஓர் எண்ணால் இணைத்து, அந்த இடத்தின் சாலை வரைபடத்தோடு பல்கலைக்கழகங்களுக்குக் கொடுங்கள். முனைவர் பட்டத்துக்கு இரண்டு துறை வழிகாட்டிகள் சேர்ந்து மாணவரை எடுக்க வழி செய்யுங்கள், சட்டக் கல்லூரிப் பையனும் சிவில் பொறியியல் பெண்ணும் ஒரே சந்திப்பில் போய் நின்று அளக்கட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த விபத்துக்குப் போகிற நிருபர், அங்கே விளக்கு எரிந்ததா, பக்கத்து யூ-டர்ன் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, 108 வந்து அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது, அதே இடத்தில் முன்பு யார் யார் இறந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதட்டும். இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 198-ஏ பிரிவு, சாலையை வடிவமைத்தவரோ கட்டியவரோ பராமரிப்பவரோ தரவிதிகளை மீறி அதனால் உயிர் போனால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. இந்தப் பிரிவில் தமிழ்நாட்டில் மாவட்டவாரியாக எத்தனை வழக்குகள் பதிவாகின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு நீங்கள் வெளியிட வேண்டும். மனுவை எழுதிக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
மோட்டார் விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞர்