பட்ட கிளைக்காக மரத்தையே வெட்டுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தெருவோரத்துப் பழைய தூங்குமூஞ்சி மரங்களை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தலைக்கு மேலே பட்ட கிளை நிற்கிற தெருவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவரின் பயம் அது. பயத்தில் தப்பில்லை. கோளாறு மரத்தில் இருக்கிறதா, அதை வெட்டிய கையில் இருக்கிறதா என்பதில்தான் எனக்கு அவரோடு வழக்கு.

நான் தாவரவியல் படித்தவன் அல்ல. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மரவாடியில் 31 வருஷம் கணக்கு எழுதினேன். என் மேசைக்கு நேர் எதிரே ரம்பம். வேம்பு, வாகை, பூவரசு, தூங்குமூஞ்சி என்று நாள் முழுக்க என் கண்ணெதிரே பிளந்துகொண்டே இருக்கும். ஒரு மரத்தை வாழ்நாளில் யார் யார் எப்படி வெட்டினார்கள் என்பது பலகையில் அப்படியே தெரியும். கிளையை ஒரு முழம் கட்டையாக விட்டு வெட்டியிருந்தால், அந்த இடத்திலிருந்து கறுப்பாக ஒரு தாரை தண்டுக்குள் இறங்கியிருக்கும். நகத்தால் கீறினால் புட்டுமாவு மாதிரி உதிரும். அதே மரத்தில், சரியாக எடுத்த கிளையின் இடத்தில் கணு மூடி, சுற்றிலும் வைரம் கெட்டியாக இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் நாங்கள் விலையே பேசுவோம். பலகையில் ஆணி தட்டுப்பட்டு ரம்பத்தின் பல் போன கதைகள் தனி. மரத்தில் விளம்பரப் பலகை அடிப்பவர்களை அப்போது நாங்கள் வாழ்த்திய வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு, தோட்டக்கலைத் துறையில் இருக்கும் என் மருமகன் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோவைப் பற்றிச் சொன்னார். 2006இல் காலமானவர். ஆயிரக்கணக்கான மரங்களை மெஷின் வாளால் நீளவாக்கில் பிளந்து பார்த்தே ஆராய்ச்சி செய்தவராம். மரத்துக்கு நம் உடம்பைப்போலப் புண் ஆறுவதில்லை. கெட்ட இடத்தைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டையை வளர்த்துக்கொள்கிறது என்பது அவர் கண்டது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தச் சுவரைத்தான் தினமும் பலகையில் பார்த்துக்கொண்டிருந்தேன், பேர்தான் தெரியாது.

எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சிக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது அதன் இரண்டு பெருங்கிளைகள் முறிந்தன. மின்கம்பி இழுக்க வழி வேண்டுமென்று மிச்சக் கிளைகளையும் பாதியில் நறுக்கி மொட்டையடித்தார்கள். ஊரே இருட்டில் கிடந்த நாள்கள் அவை. அன்று அப்படி வெட்டியதை நான் குறை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் அதே மாதிரி வெட்டினார்களே, அதைத்தான் சொல்கிறேன். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகச் சிம்பு, அதாவது புதுத் துளிர்க்கிளைகள், கிளம்பும். அதைப் பார்த்து மரம் தழைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். இயல்பாக வளர்ந்த கிளைக்குத் தண்டுக்குள் ஆழமாகப் பிடிப்பு உண்டு. சிம்புக்கு மேல்கட்டையில் ஒட்டிய பிடிப்புதான். நாலைந்து வருஷத்தில் அது தொடைப் பருமன் ஆகிவிடும். அடியில் விட்ட மொட்டைக்கட்டையோ அதற்குள் உளுத்திருக்கும். ஒரு காற்று போதும். உடனே மரம் ஆபத்து என்கிறோம்.

போன கார்த்திகையில் தெருவாசிகள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, அனுமதி வாங்கி, பட்டதை மட்டும் எடுத்தோம். எது பட்டது என்று இலை நிறைந்திருக்கும்போதே பார்த்துச் சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டோம். மாசியில் இலை உதிர்ந்து நிற்கும்போது பார்த்தால் எல்லாமே பட்டதாகத்தான் தோன்றும். சந்தேகமான கிளையில் பட்டையைச் சுரண்டினோம். உள்ளே பச்சை இருந்தால் விட்டுவிட்டோம்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏறிய தம்பி கைதேர்ந்தவர். பெரிய கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் பாதி அறும்போதே பாரத்தில் முறிந்து, தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். அதனால் முதலில் தண்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து கால்வாசி அறுத்தார். அதற்கு ஒரு சாண் வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. வடக்கயிற்றில் கட்டிய கிளை பட்டையைக் கிழிக்காமல் இறங்கியது. மிச்சம் அந்த இரண்டு முழக் கட்டைதான்.

"ஐயா, தண்டோட மட்டமா இழைச்சு விட்டுர்றேன், பார்க்க லட்சணமா இருக்கும்" என்றார் மேலிருந்து.

"தம்பி, அந்த உதட்டைத் தொடாதீங்க" என்று கீழிருந்து கத்தினேன்.

கிளை தண்டோடு சேருமிடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். கிளை பட்டுப்போனால் அந்தப் புடைப்பு உயிரோடு வளர்ந்து, செத்த கட்டையை உதடு மாதிரி கவ்விப் பிடிக்கும். மூடுகிற வேலையைச் செய்வது அதுதான். அதற்குச் சற்று வெளியே செத்த கட்டையை மட்டும் அறுக்க வேண்டும். உதட்டையும் சேர்த்து மட்டமாக இழைத்தால் நல்ல கட்டையில் புதுப்புண். கட்டையை நீளமாக விட்டால் உதடு எத்தனை வருஷமானாலும் அதை மூட முடியாது. நாலு விரல் அங்கே இங்கே போவதில் இருக்கிறது மரத்தின் ஆயுசு.

அறுத்ததும் உள்ளே பழுப்புத் தூள், எறும்பு, ஒரு உள்ளங்கை அகலப் பொந்து. சிமென்ட் வைத்து அடைக்கச் சொன்னார் ஒருவர், தார் பூசச் சொன்னார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம் என்றேன். தாருக்கு அடியில் ஈரம் தங்கிக் காளானுக்குத்தான் வசதி. பொந்தைத் தோண்டிச் சுத்தம் செய்யவும் கூடாது, மரம் கட்டிவைத்த சுவர் உடைந்துபோகும்.

எடுத்தே ஆகவேண்டிய மரங்களும் உண்டு. அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் அடுக்கியிருந்தாலோ, வேர்ப்பக்கம் மண் வெடித்து ஒரு புறம் தூக்கியிருந்தாலோ நானே வெட்டச் சொல்வேன். வாசகர் சொல்லும் மரங்களை யாராவது அப்படிச் சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று. வெட்டிய விறகையே கூலியாக எடுத்துக்கொள் என்று விட்டால் பட்ட கிளையை யார் தொடுவார்? பச்சைக் கிளையில்தானே எடை இருக்கிறது. கூலியைப் பணமாகக் கொடுங்கள். எந்தக் கிளை, எந்த இடம் என்று மரத்திலேயே குறி போட்டுக் கொடுங்கள். வெட்டி முடிந்ததும் ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்க்கட்டும். மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, ஒரு தெருவுக்கு இரண்டு நாள் வேலை.

நேற்று எங்கள் மரத்தைப் பார்த்தேன். வெட்டின விளிம்பில் சுண்டுவிரல் அகலத்துக்கு இளம்பட்டை சுற்றிலும் உருண்டு வந்திருக்கிறது. நடுவிலுள்ள பொந்தில் மைனாவோ என்னவோ, வைக்கோல் செருகியிருக்கிறது.

இப்படிக்கு,
மரவாடிக் கணக்கர் (ஓய்வு),
பட்டுக்கோட்டை