உளுந்து வேரும் உன் உர ஆலையும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்தது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே சம்பா அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து பூக்க ஆரம்பித்துவிட்டது.

நேற்று ஒரு செடியைக் களைக்கொத்தால் மண்ணோடு பெயர்த்து வாளித் தண்ணீரில் அலசினேன். வெறுமனே பிடுங்கினால் வேர் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கிச் செடிக்குத் தரும் பாக்டீரியா குடியிருப்பது அந்த முடிச்சுகளில்தான். ஒரு முடிச்சை நகத்தால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தச் சிவப்புக்குப் பங்காளிதான் அது, லெக்ஹீமோகுளோபின். பாக்டீரியாவுக்குள் நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். அதை அளந்து அளந்து கொண்டுபோய்க் கொடுப்பது இந்தச் சிவப்பின் வேலை.

நீ முப்பது வருஷம் ஆலையில் 400 டிகிரிக்கு மேல் சூடேற்றி, 100 மடங்குக்கு மேல் காற்றழுத்தம் கொடுத்துச் செய்த அம்மோனியா, இங்கே வயல் மண்ணின் சூட்டிலேயே உருவாகிறது. இனாமாக இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை 2 அம்மோனியாவாக்க 16 ஏ.டி.பி. செலவு, செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு அது. அதற்கான எரிபொருளைச் செடிதான் தருகிறது. இலையில் சமைத்த சர்க்கரை வேருக்கு இறங்குகிறது. முடிச்சின் செல்கள் அதை உடைத்து, பெரும்பாலும் மாலிக் அமிலமாகத்தான் ஊட்டுகின்றன. ஆப்பிளின் புளிப்பு இருக்கிறதே, அதேதான். பாக்டீரியா அதை எரித்து எடுக்கும் எலக்ட்ரான்களில் ஒரு பங்கு மூச்சுக்குப் போய் ஏ.டி.பி. ஆகிறது, இன்னொரு பங்கு நைட்ரஜனுக்குப் போகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறாவது வீணாக வெளியேறும். உங்கள் ஆலையில் இப்படி ஒழுகினால் விட்டிருப்பீர்களா?

போன வருஷம் யாரோ சொன்னார்கள் என்று உளுந்துக்கு யூரியா போட்டேன். செடி தளதளவென்று நின்றது. முடிச்சோ கடுகளவு, உள்ளே வெளுப்பு. உரம் கைக்கே வரும்போது செடி எதற்கு இன்னொருவனுக்குச் சோறு போடும்? இந்தத் தடவை ரைசோபியம், அதாவது அந்த முடிச்சுப் பாக்டீரியா, அடைத்த பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தித் தெளித்ததோடு சரி.

அப்புறம், காய் பிடித்துவிட்டால் சர்க்கரை அந்தப் பக்கம் திரும்பிவிடும். முடிச்சு பட்டினி கிடந்து, சிவப்பு போய்ப் பச்சையாகி வாடும். முடிச்சு தராததை இலை வழியே கொடுக்கத்தான், பூக்கும்போது 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல் தெளிக்கச் சொல்கிறார்கள். அந்தக் காரணம் இத்தனை வயதில்தான் எனக்கு உறைக்கிறது. ராத்திரியே ஊறவைத்துவிட்டேன், விடிந்ததும் தெளிவை வடித்து அடிக்க வேண்டும்.

உளுந்து வந்ததும் உன் பங்கு வரும். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
ராசு