இரண்டாங்கட்டு நிற்கிறது: ஊராருக்கு ஒரு நன்றி மடல்

காரைக்குடி ஊராருக்கும், சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்ட எங்கள் பங்காளிகளுக்கும் வணக்கம்.

அன்று ராத்திரி மழையில் எங்கள் பூர்வீக வீட்டு ஓடு சரிந்து என்ன ஆச்சு என்பது எல்லாருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வீட்டின் இரண்டாவது முற்றமும் அதைச் சுற்றியுள்ள பகுதியுமான இரண்டாங்கட்டு நிற்கிறது, அது போதும்.

எதிர்ச்சாரியில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. ஓடு சரிந்த இடத்தில் மழை நேரே மச்சுப் பலகை மேல் கொட்டுகிறது. நாங்கள் தார்ப்பாய்க்காக ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா தன் கடைக்கு மேல் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மகனோடு வந்து நின்றார். "ஆச்சி, ஏணி எங்க கெடக்கு?" வேறொன்றும் கேட்கவில்லை. மேலே ஏறிக் கட்டியது அவர் மகன்தான். விடிந்து போய்ப் பார்த்தால் கடையில் அடுப்பு முழுக்கத் தண்ணீர், மாவெல்லாம் பாழ். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "மாவு நாளைக்கு ஆட்டிக்கலாம். அந்தப் பலகைக்கு எங்க போவீக?"

எங்கே போவது? அது பாட்டையா பர்மாவிலிருந்து கப்பலில் அனுப்பிய தேக்கு. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்துச் சொத்தெல்லாம் போய், மிஞ்சியது இந்த வீடு ஒன்றுதான். அதுவும் புள்ளி புள்ளியாக, தனித்தனிக் குடும்பமாகப் பிரிந்து, எல்லாருக்கும் பங்கு உண்டு, ஓடு மாற்றத்தான் ஆள் இல்லை என்றானது. எத்தனை வளவு வீடுகள் தூண் தூணாகக் கழன்று பழம்பொருள் கடைக்குப் போயிருக்கின்றன!

அக்காவின் அம்மா எங்கள் இரண்டாங்கட்டு முற்றத்தில் நெல் அவித்துக் காயப்போட்டவராம். அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுப் பெருமை என்றால் பாட்டையா, கப்பல், இத்தாலிப் பளிங்கு என்று மூச்சுவிடாமல் பேசுவோம். அந்தம்மா பேச்சு ஒரு நாளும் வந்ததில்லை.

முட்டுக்கொடுக்கச் சவுக்குக் கம்பு தந்தவர்கள், முற்றத்துத் தூம்பில் அடைப்பெடுத்த பையன்கள், தீயணைப்புத் தம்பிகள், காபி கொண்டுவந்த பக்கத்து வீட்டார் எல்லாருக்கும் கும்பிடு. சிமெண்டு மூட்டையை இறக்கவிடாமல் வண்டியைத் திருப்பி அனுப்பிய கொத்தனார் ஐயாவுக்குத் தனியாக ஒன்று. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் காரை பெயர்ந்துவிடுமாம். இப்போது கொல்லையில் கடுக்காயும் வெல்லமும் ஊறுகின்றன. கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு வேண்டும். மஞ்சள் கரு அத்தனையும் அக்கா கடைத் தோசைக்கு என்று பேசி முடித்தாயிற்று.

முன்னோருக்குப் படைக்கும் இந்த வருஷப் படைப்புச் சாப்பாட்டுக்கு அக்காவையும் மகனையும் அழைத்திருக்கிறேன். கொல்லை வழியாக இல்லை, முகப்பு வழியாக வந்து வளவில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பங்காளிகளில் யாருக்காவது ஒப்பவில்லை என்றால் எனக்குப் போன் போடுங்கள். ஓட்டுச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.