யானைக்காரியின் கடிதம்

டேட்டன், ஒஹாயோ
4-9-2008

அன்புள்ள விஜயா,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டிக்கொள். அத்தையின் காரியத்துக்கு ஃபோனில் நாலு வார்த்தை பேசியதோடு விட்டதும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. மகன் விடுமுறைக்கு ஒபாமா பனியனோடு வந்து போனான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை எங்கள் ரிபப்ளிகன் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கெய்ன் தன் துணை அதிபர் வேட்பாளரை எங்கே வைத்து அறிவித்தார் தெரியுமா? எங்கள் ஊரில்! வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். இரவு டியூட்டி முடிந்து வந்து, காப்பியும் கையுமாக டிவி முன்னால் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ராம்னி வருவார், இல்லையென்றால் மின்னசோட்டா கவர்னர் வருவார் என்று பார்த்தால், மூக்குக்கண்ணாடியும் தூக்கிக் கட்டிய கொண்டையுமாக ஒரு பெண். சாரா பேலின், அலாஸ்கா கவர்னர், 44 வயது. கூடவே கணவர், பிள்ளைகள், நாலு மாதக் கைக்குழந்தை. எனக்கு வந்த தூக்கம் போன இடம் தெரியவில்லை.

என்னை யானைக்காரி என்று கேலி செய்வாயே, அந்த ரிபப்ளிகன் கட்சிச் சின்னமான யானை இந்த வருடம் முழுவதும் படுத்தே கிடந்தது. மெக்கெய்ன் மேல் மரியாதை உண்டு. வியட்நாம் சிறையில் ஐந்தரை வருடம் கிடந்தவர். ஆனால் நம் ஆள் என்ற எண்ணம் வரவில்லை. 2001இல் புஷ்ஷின் வரிக்குறைப்பையே எதிர்த்து ஓட்டுப் போட்டவர். முன்பு டெமாக்ரடிக் கட்சியில் இருந்த செனட்டர் லீபர்மனைச் சேர்த்துக்கொள்ளத்தான் அவருக்கு ஆசை என்று பத்திரிகைகளில் வருகிறது. லீபர்மன் கருக்கலைப்பு உரிமையின் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். அவரை மட்டும் போட்டிருந்தால் நவம்பர் 4 அன்று நான் ஓட்டுச்சாவடிக்கே போகாமல் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

அந்தக் கைக்குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு, விஜயா. பிறப்பதற்கு முன்பே தெரிந்திருந்தும் பெற்றுக்கொண்டார். இருபத்தாறு வருடமாகப் பிரசவ வார்டில் நிற்கிறேன். அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு டாக்டர் வெளியே போனதும் அறையில் ஒரு அமைதி விழும், உனக்கும் தெரியும். நேற்று இரவு செயின்ட் பாலில் நடக்கும் எங்கள் கட்சி மாநாட்டில் இந்த அம்மாள் பேசிக்கொண்டிருக்கும்போது கேமரா குடும்பத்தின் பக்கம் திரும்பியது. ஏழு வயது மகள், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, தன் உள்ளங்கையை நக்கி ஈரமாக்கி அவன் முடியைப் படிய வாரிவிட்டாள். எச்சில் தொட்டு! உன் தங்கை செய்ததேதான். அழுதுவிட்டேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? இனிமேல்தான் என் சங்கடம். டிவியை அணைத்ததும் இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் வார்டுக்கு இந்த அம்மாளை இன்சார்ஜாகப் போடுவாயா?" பதில் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஆறு மாதமாக மகனிடம் என்ன பாட்டுப் பாடினேன்? ஒபாமா செனட்டுக்கு வந்து நாலு வருடம்கூட ஆகவில்லை, அனுபவம் வேண்டாமா என்று. பேலின் கவர்னராகி 21 மாதம். அதற்கு முன்பு மேயராக இருந்த வசில்லாவில் அப்போது ஐயாயிரம் சொச்சம் பேர். நாகர்கோவிலில் ஒரு வார்டு தேறும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மகன் ஃபோன் செய்து, "அம்மா, அனுபவம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

துணை அதிபர் என்றால் அலங்காரப் பதவி என்று நினைக்காதே. 1945இல் ட்ரூமன் அந்தப் பதவிக்கு வந்த 82 நாளில் அதிபர் ரூஸ்வெல்ட் போய்ச் சேர்ந்தார், நாற்காலி ட்ரூமனுக்கு வந்தது. மெக்கெய்னுக்கு அந்த வெள்ளிக்கிழமையோடு 72 முடிந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக 2000இல் இடது நெற்றிப்பொட்டில் கத்தி வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் அவர் பேச்சைக் கேட்கிறது; நான் அவருடைய இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பேலினிடம் துணிச்சலுக்குக் குறைவில்லை. 2004இல் சொந்தக் கட்சியின் மாநிலத் தலைவர் செய்த முறைகேட்டை எதிர்த்து எண்ணெய் எரிவாயு ஆணையப் பதவியை உதறியவர். இரண்டு வருடத்தில் சொந்தக் கட்சிக் கவர்னரையே உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தியவர். சாம்பார் வாளியை மேட்ரன் மேஜையில் கொண்டுபோய் வைத்தாயே, அந்த ரகம். ஆனால் மறுவாரமே உன்னைப் பிரின்சிபாலாகப் போட்டிருந்தால் ஹாஸ்டல் என்ன ஆகியிருக்கும்? கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் பிடிக்கவில்லை. ஒபாமா சிகாகோவில் ஏழைத் தெருக்களில் வேலை பார்த்ததை மேடையில் நக்கலடித்தார், அரங்கமே சிரித்தது. நம் ரோஸ்லின் சிஸ்டர் வேறு என்ன செய்தார்? அலாஸ்காவில் மத்திய அரசுப் பணத்தில் கட்டவிருந்த பாலத்துக்குப் பணம் வேண்டாம் என்றேன் என்று வேறு பெருமை. 2006 தேர்தலில் அதே பாலத்தை ஆதரித்தவர்தான்.

இருந்தும் ஓட்டு அங்கேதான் விழும், அது எனக்கே தெரிகிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மெக்கெய்ன் பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றிய எங்கள் கோயில்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று, வீட்டு முன்னால் நடும் தேர்தல் பலகை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். எனக்கும் ஒன்று தந்திருக்கிறார்கள். கார் டிக்கியில் கிடக்கிறது, இன்னும் நடவில்லை.

இன்று இரவு மெக்கெய்ன் பேசுகிறார். எனக்கு டியூட்டி.

உன்,
ஸ்டெல்லா

பி.கு.: வாளி விஷயத்தை நான் எழுதியதாக சாந்தியிடம் சொல்லிவிடாதே. அவள் அதைத் தான் செய்ததாகத்தான் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.