வேட்டங்குடிக்கும் உள்ளூர் கைடு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி வந்தா, பக்கத்துல இருக்குற வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துப் பறவைங்க மிரளக்கூடாதுன்னு சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில வெடி வெடிக்கமாட்டாங்கன்னு வருஷா வருஷம் நியூஸ் வருது, நல்ல விஷயம், அந்த ஊர்க்காரங்கள கையெடுத்துக் கும்பிடணும். ஆனா அதுக்கப்புறம் பறவைங்க கூடு கட்டி குஞ்சு பொரிக்கிற நேரத்துல கார்ல வந்து இறங்குறவங்க என்ன பண்றாங்கன்னு யாரும் எழுதல.

போன ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை வேட்டங்குடி கண்மாய்க் கரையில நின்னுட்டிருந்தேன். நாலஞ்சு பசங்க, பறக்குற மாதிரி போட்டோ வேணும்னு கருவேல மரத்துல இருந்த நத்தைக்குத்தி நாரைங்க மேல கல்ல விட்டு எறியிறாங்க. அத்தனையும் சடசடன்னு எழும்பிருச்சு, கூட்டுல குஞ்சு மட்டும் வெயில்ல வாயப் பொளந்துக்கிட்டு கிடக்கு. தட்டிக்கேட்டா "பெரியவரே உங்க வேலையப் பாருங்க"ன்னுட்டாங்க. எனக்கு அன்னிக்கு சோறே இறங்கல.

அதுக்கு முந்தின ஜூன்லதான் அமெரிக்காவுல இருக்குற மக என்னையும் எங்க வீட்டு ஆச்சியையும் ஈக்வடார் நாட்டு கலாபகஸ் தீவுகளுக்கு சின்னக் கப்பல்ல கூட்டிட்டுப் போயிருந்தா. எஸ்பான்யோலாங்கிற தீவுல ஒரு நாள். காலையில ரப்பர் படகுல கொண்டுபோய் விட்டாங்க, கரையில கடல் இக்குவானாங்கிற பெரிய பல்லி மாதிரி பிராணிங்க ஒண்ணு மேல ஒண்ணு படுத்து வெயில் காயுது, அப்பப்ப மூக்கு வழியா உப்புத்தண்ணிய பீச்சி அடிக்குது, நம்மளக் கண்டு ஒண்ணும் ஓடல. நடக்குற பாதை ஓரத்துலயே நீலக்கால் பூபிங்கிற கடல்பறவை வெறுந்தரையில முட்டை மேல உக்காந்திருக்கு, சுத்தி அதோட எச்சமே வெள்ளை வட்டமா இருக்கு, அதான் அதுக்குக் கூடு. கைடு எங்கள நிறுத்தி ஒவ்வொருத்தரா ஒதுங்கிப் போகச் சொன்னாரு. ஏழடிக்கு மேல சிறகு விரியிற ஆல்பட்ரோஸ்ங்கிற கடல்பறவை தத்தக்காபித்தக்கான்னு நடந்து பாறை விளிம்புக்குப் போய் அங்கேருந்துதான் காத்துல ஏறுது. ஆச்சி தண்ணி பாட்டில திறந்தா மைனாவ விட கொஞ்சம் பெருசா ஒரு மாக்கிங்பேர்டு வந்து மூடிய கொத்துது, அந்தத் தீவுல நல்ல தண்ணி நிலையா கிடையாது. பாவமேன்னு ஆச்சி ஊத்தப் போனா, கூடவே கூடாதுன்னுட்டாரு கைடு, பழகிட்டா அது மனுஷன நம்பியே இருக்கும்னு.

அங்க கைடு இல்லாம யாரும் கால் வைக்க முடியாது, ஒரு கைடுக்கு 16 பேர்தான், எந்தப் பிராணிகிட்டயும் ரெண்டு மீட்டருக்குள்ள போகக்கூடாது, ஃப்ளாஷ் கூடாது, தின்பண்டம் கொண்டுபோகக்கூடாது. படகு ஏறும்போது கால கழுவணும், ஒரு தீவு விதை அடுத்த தீவுக்குப் போயிடக்கூடாதுன்னு. கைடுங்க பெரும்பாலும் அந்தத் தீவுக்காரங்க, லைசென்ஸ் வாங்கினவங்க. இதே எஸ்பான்யோலாவுல ஆடுங்க பச்சைய மேஞ்சு தீர்த்து, ராட்சச ஆமைங்க 14தான் மிஞ்சியிருந்துச்சாம், ஆட்டையெல்லாம் அப்புறப்படுத்தி, சான் டியாகோ மிருகக்காட்சி சாலையிலருந்து டியேகோன்னு ஒரு ஆண் ஆமைய வரவழைச்சு, வளர்த்து விட்டதுல இப்ப ஆயிரக்கணக்குல ஆயிருச்சு. டியேகோவையே 2020ல திரும்ப தீவுல கொண்டு விட்டுட்டாங்க.

வேட்டங்குடி 1977லயே சரணாலயம் ஆயிருச்சு. 1972 வனவிலங்குச் சட்டத்துல சரணாலயத்துக்குள்ள பிராணிகள சீண்டவோ குப்பை போடவோ கூடாதுன்னு தெளிவா இருக்கு. சட்டம் இருக்கு, கரையில சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. பண்டிகையில மத்தாப்பக்கூட தள்ளி வச்ச ஊர் அது, அந்த ஊர்ப் பசங்கள விட நல்ல கைடு வேற யாரு கிடைப்பா? பத்துப் பேருக்கு பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்து, சீசன்ல அவங்க கூட வராம யாரும் கண்மாய்க் கரை ஏறக்கூடாதுன்னு வச்சா, வர்றவங்க கொடுக்குற கட்டணத்துலயே அவங்களுக்கு சம்பளம் ஆயிரும்.

வனத்துறை ஐப்பசி பொறக்கறதுக்குள்ள இத ஆரம்பிக்கணும். பறவை வந்து எறங்கினப்புறம் ஃபைல் நகர்த்திக்கிட்டிருந்தா இன்னொரு வருஷம் போயிரும். நீங்களும் இந்தத் தடவ தீபாவளிக்கு மட்டும் இல்லாம, தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமையும் உங்க நிருபர அனுப்பி வைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி