மானிட்டர் சத்தத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காவடி நெருங்கிவிட்டால் எங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பக்திப் பாட்டுப் பதிவு களைகட்டிவிடும். படுக்கையறையில் ஒரு கணினி, ஒரு மைக், பதிவைக் கேட்டுச் சரிபார்க்க மேசைமேல் இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர், அவ்வளவுதான் ஸ்டுடியோ. பிள்ளைகள் ஆர்வமாகச் செய்கிறார்கள், சந்தோஷம். ஆனால் சத்தம்?

சினிமா ஒலிக்கலவை (மிக்சிங்) அரங்குகளில் 85 டெசிபல் வைக்கிறார்களே என்கிறார்கள். அது பெரிய அரங்குக்கு. சின்ன அறையில், ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே ஒரு மீட்டரில் இருக்கும்போது, 73 முதல் 76 வரை தாராளம். 85-இல் 8 மணி நேரம்தான் காதுக்கு வரம்பு, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 94-க்குப் போனால் ஒரே மணி நேரம்.

காதை விடுங்கள், பாட்டே கெடுகிறது. சத்தம் ஏற ஏற நம் காதுக்கு அடித்தொனி கூடுதலாகக் கேட்கும், உறுமி போதும் போதும் என்று குறைத்துவிடுவோம், அப்புறம் காரில் போட்டால் உறுமியைக் காணோம்!

போனில் இலவச டெசிபல் மீட்டர் கிடைக்கிறது. போனுக்குப் போன் சில டெசிபல் முன்பின் காட்டலாம், ஒரு தோராயத்துக்கு உதவும். உட்காரும் இடத்தில் காது உயரத்தில் பிடித்து, பிங்க் நாய்ஸ் (அளவு பார்க்கப் பயன்படும் 'உஷ்' என்ற சீரான இரைச்சல்) ஓடவிட்டு, சரியான அளவு வந்ததும் வால்யூம் குமிழில் ஒரு டேப் ஒட்டி வையுங்கள். காது இரைந்தால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

கோயில் மண்டபத்தில் பாட்டு வகுப்பு நடத்துகிறவர்கள் இதையும் சொல்லித்தரலாமே. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டு ஆயாவும் தூங்குவார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர், டர்பன்