மித்தியைக் குறுக்கியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையின் மித்தி ஆற்றின் வெள்ளத்துக்குக் கரையோரக் குடிசைகளும் பிளாஸ்டிக் குப்பையும்தான் காரணம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரை சொல்கிறது. தாராவிக்காரன் என்பதால் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மித்தி சுமார் 18 கிலோமீட்டரே ஓடும் சின்ன ஆறு. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் சாக்கிநாக்கா, குர்லா வழியாக வந்து, தாராவியை உரசிக்கொண்டு மாஹிமில் கடல் சேர்கிறது. நடுவில் விமான நிலைய ஓடுபாதையை நீட்டியபோது ஆற்றையே மடக்கித் திருப்பினார்கள். அதற்கும் கீழே, அலையாத்திச் செடிகள் நின்ற சதுப்பில் மண்ணைக் கொட்டி பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் என்ற அலுவலக வளாகத்தைக் கட்டினார்கள். மழைக்காலத்தில் ஆறு பரந்து நிற்க இருந்த இடம் அது. இதெல்லாம் அரசு திட்டம் போட்டு, வரைபடத்தில் முத்திரை குத்திச் செய்தது. குடிசைக்காரன் எவனும் ஓடுபாதை போடவில்லை.

ஹை டைட் (கடல் ஏற்றம்) நேரத்தில் மாஹிம் வழியாகக் கடல் உள்ளே ஏறும். மேலிருந்து வரும் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் குர்லா, கலினா பக்கம் வீடுகளுக்குள் புகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. குறுகிப்போன ஆறு அதை எங்கே கொண்டுபோகும்?

எங்கள் பக்கம் குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. எண்ணெய் டிரம் கழுவிய தண்ணீர், தபேலா என்கிற மாட்டுத் தொழுவங்களின் சாணம், தாராவித் தோல் பட்டறைகளின் கழிவு எல்லாம் ஆற்றில்தான் விழுந்தன. அந்தப் பட்டறைகளில் பல நம் தமிழர்கள் நடத்தியவை, மறைப்பானேன். மாடிக் கட்டடங்களின் சாக்கடையும் அதே ஆற்றில்தான் கலக்கிறது. அதைக் கட்டுரை சொல்லவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு மித்திக்கென்று தனி ஆணையம் அமைத்தார்கள். ஆற்றை அகலப்படுத்த இடம் தேவைப்பட்டபோது ஆயிரக்கணக்கில் குடிசைகளை அகற்றினார்கள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தூர்வாரும் கணக்கோ தனிக் கதை: அதில் சுமார் 65 கோடி ரூபாய் மோசடி என்று 2025 மே மாதம் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. வாராத சேற்றுக்குப் பணம் போனதாகப் புகார். அந்த வழக்கைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

கட்டுரையாளர் மறுபடி எழுதுவதானால், ஓடுபாதைக்கு அடியில் ஆற்றுக்கு எத்தனை மீட்டர் அகலம் விட்டிருக்கிறார்கள், காம்ப்ளெக்ஸ் வருமுன் அங்கே கரை எதுவரை இருந்தது என்று அதிகாரிகளிடம் கேட்டு, பதிலை அப்படியே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராவி, மும்பை-17